ஒலியைத் தூது விட்டுக் காற்றை அளந்த கதை

(வானொலி உழவர் நிகழ்ச்சி உரை)



மார்கழி மாதத்து விடியற்காலையில், மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிற கோவிலின் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுகிற மாதிரி கேட்கும். அதே ஒலிபெருக்கி நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு அலறினாலும் ஊர் எல்லையைத் தாண்டாது. "விடியற்காலையில் சந்தடி இல்லை, அதனால் கேட்கிறது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி உண்மை காற்றில் இருக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது, மேலே எவ்வளவு சூடாக இருக்கிறது, எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையெல்லாம் அந்தப் பாட்டு தன் கூடவே சுமந்துகொண்டு வருகிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு கடிதம்.

அந்தக் கடிதத்தைப் படிக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதுதான் இன்றைய பேச்சு. முந்நூறு வருஷத்துக் கதை. நடுவில் நம் சென்னையும் வருகிறது. கடைசியில் உங்கள் மருந்துத் தெளிப்பானுக்கும் அதில் வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒலியின் நடை

மின்னல் கண்ணில் பட்ட பிறகு இடி கேட்கச் சற்று நேரமாகிறது அல்லவா? ஒளி வந்து சேரும் நேரம் கணக்கிலேயே வராது. ஒலிதான் நடந்து வருகிறது. மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அதுதான் அதன் நடை.

ஆனால் அந்த நடை எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. பனிக்கட்டி உறைகிற குளிரில், அதாவது பூஜ்யம் டிகிரியில், ஒலி வினாடிக்கு 331 மீட்டர் போகும். காற்று ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் வேகம் 0.6 மீட்டர் கூடும். முப்பது டிகிரியில் 349 மீட்டர். ஆகவே ஒலியின் வேகத்தைச் சரியாக அளந்துவிட்டால் காற்றின் சூட்டைச் சொல்லிவிடலாம். வெப்பமானி வேண்டியதில்லை.

காற்று வீசும்போது இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. ஆற்றில் ஓடம் ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம், எதிர்த்துப் போனால் தாமதம். ஒலிக்குக் காற்றுதான் ஆறு. முப்பது டிகிரி சூட்டில் வினாடிக்கு ஐந்து மீட்டர் காற்று வீசினால், காற்றோடு போகிற ஒலி 354 மீட்டர் போகும், எதிர்த்து வருகிற ஒலி 344 மீட்டர்தான் வரும். இப்போது பாருங்கள்: இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 349. அது சூட்டைச் சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் 5. அது காற்றைச் சொல்கிறது. இந்தக் கூட்டலும் கழித்தலும்தான் இந்தச் சாஸ்திரத்தின் ஆணிவேர். இன்று வரை வந்த கருவிகளில் பலவும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

கோபுரத்தில் ஏறிய பாதிரியார்

இங்கிலாந்தில் லண்டனுக்குப் பக்கத்தில் அப்மின்ஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே வில்லியம் டெர்ஹாம் என்ற பாதிரியார் இருந்தார். தம் தேவாலயக் கோபுரத்தில் தூரதர்சினியோடு ஏறிக்கொள்வார். பல மைலுக்கு அப்பால் பீரங்கி சுடுவார்கள். தீ தெரிந்த உடனே ஊசல் கடிகாரத்தை எண்ண ஆரம்பித்து, சத்தம் காதில் விழும் வரை எண்ணுவார். வெயில், மழை, காற்று, குளிர் என்று எல்லா நிலையிலும் எண்ணிப் பார்த்தார். 1708-ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், ஒலியின் வேகம் வினாடிக்கு 1,142 அடி என்று சொன்னார். காற்று கூட வந்தால் ஒலி முந்துகிறது, எதிர்த்தால் பிந்துகிறது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் மூடுபனியைப் பற்றியது. மூடுபனி ஒலியை அமுக்கிவிடும் என்றார் அவர். ஏறக்குறைய நூற்று அறுபது வருஷம் எல்லோரும் அதை நம்பினார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பரங்கிமலைப் பீரங்கி

இப்போது சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தூண் நிற்கிற வளாகத்தில் இருந்துதான் நமக்கு மழை அறிவிப்பு தருகிற மண்டல வானிலை மையம் இயங்குகிறது.

அந்த ஆய்வுக்கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். 1820, 1821-ஆம் ஆண்டுகளில் அவர் ஒரு காரியம் செய்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் அந்தக் காலத்தில் நாள்தோறும் நேரம் தெரிவிக்கப் பீரங்கி வெடிப்பது வழக்கம். புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை. வெடிக்கிற வெடியை எண்ணினால் போதும். ஆய்வுக்கூடத்திலிருந்து கோட்டை 13,932 அடி தூரம். பரங்கிமலை 29,547 அடி, அதாவது ஒன்பது கிலோமீட்டர். தீ தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது, சத்தம் வந்ததும் பார்ப்பது, கூடவே வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி, காற்றின் திசை, வானத்தின் நிலை எல்லாவற்றையும் குறித்து வைப்பது. மாதக்கணக்கில் இதை விடாமல் செய்தார். லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் 1823-இல் அது அச்சாயிற்று.

அவர் தந்த மாதக் கணக்கைப் பாருங்களேன். ஒலியின் வேகம் ஜனவரியில் வினாடிக்கு 1,101 அடி. ஏப்ரலில் 1,145 அடி. ஜூலையில் 1,164 அடி. அக்டோபரில் 1,128 அடி. டிசம்பரில் 1,099 அடி. வருஷத்தோடு ஏறி வருஷத்தோடு இறங்குகிறது, கிணற்று நீர் மட்டம் மாதிரி!

ஜனவரிக்கும் ஜூலைக்கும் 63 அடி வித்தியாசம். இது சூட்டினால் மட்டும் வந்ததா? இல்லை. அந்த இரண்டு மாதத்துச் சராசரி வெப்பத்துக்கும் இடையே பாரன்ஹீட் கணக்கில் எட்டு டிகிரிக்கும் குறைவாகத்தான் வித்தியாசம். இன்றைய கணக்குப்படி அதற்கு ஒன்பது அடிக்குள்தான் ஒதுக்கலாம். மீதி எங்கிருந்து வந்தது? காற்றின் ஈரத்துக்குச் சிறு பங்கு உண்டு. பருவக்காற்றுக்கும் பங்கு உண்டு. பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த மலையின் சத்தத்தைக் காற்றே தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் எதிர்த்து நிற்கும். காதும் கண்ணும் கடிகாரமும் செய்த பிழையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

கோல்டிங்ஹாமும் காற்றைக் கவனித்தார். அமைதியான நாளுக்கும் மிதமான காற்றுள்ள நாளுக்கும் வினாடிக்குப் பத்து அடி வித்தியாசம் என்றும், கூட வீசுகிற காற்றுக்கும் எதிர்த்து வீசுகிற காற்றுக்கும் 21 அடிக்கு மேல் வித்தியாசம் என்றும் எழுதினார். ஆனால் சூட்டின் பங்கு எது, காற்றின் பங்கு எது என்று முழுமையாகப் பிரிக்க அவருக்கு வழியில்லை. ஏன் தெரியுமா? பீரங்கி ஒரு முனையில் மட்டும் வெடித்தது, காது மறுமுனையில் மட்டும் இருந்தது. ஒரு பக்கத்து ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடத்தின் வேகத்தையும் ஆற்றின் வேகத்தையும் எப்படிப் பிரிப்பது?

அதற்கு வழி கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1822 ஜூன் மாதத்தில் பாரிஸ் நகருக்குத் தெற்கே வில்ஜுய்ப், மான்லெரி என்ற இரண்டு இடங்களில் இரண்டு பீரங்கிகளை நிறுத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே 18 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அரகோ, கே-லுசாக், ஹம்போல்ட் போன்ற பெரிய விஞ்ஞானிகள் இரு முனையிலும் உட்கார்ந்து, இரவில் மாற்றி மாற்றிச் சுட்டு எண்ணினார்கள். போகிற ஒலி, வருகிற ஒலி இரண்டையும் கூட்டினால் காற்றின் பங்கு தானாகக் கழிந்துவிடுகிறது. பதினாறு டிகிரி சூட்டில் ஏறக்குறைய 341 மீட்டர் என்று விடை கிடைத்தது. இன்றைய கணக்கும் அதுதான்.

ஆனால் ஒரு விநோதம். மான்லெரியில் சுட்டது வில்ஜுய்பில் நன்றாகக் கேட்டது. வில்ஜுய்பில் சுட்டதில் பல குண்டுகள் மான்லெரியில் கேட்கவே இல்லை! தூரம் ஒன்றே, பீரங்கியும் ஒரே மாதிரிதான். போன ஒலி எங்கே போயிற்று?

ஒலி வளைகிறது

பரம்படிக்கிறவர்களுக்கு இந்தப் பதில் சுலபமாகப் புரியும். பரம்பில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் நடந்தால் பரம்பு எந்தப் பக்கம் திரும்பும்? மெதுவான மாட்டின் பக்கம்தான். ஒலியலையும் ஒரு நீளப் பரம்பு மாதிரிதான் நகர்கிறது. அதன் மேல்நுனி ஒரு வேகத்திலும் கீழ்நுனி ஒரு வேகத்திலும் போனால், மெதுவான பக்கம் வளைந்துவிடும்.

பகலில் வெயில் பட்டு நிலம் காய்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. ஆகவே அலையின் மேல்நுனி மெதுவாகப் போகிறது. ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத இரவில் இது தலைகீழாகிறது. நிலம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கிற காற்று கதகதப்பாகவே இருக்கிறது. இப்போது கீழ்நுனி மெதுவாகப் போகிறது. மேலே போக வேண்டிய ஒலி கீழே வளைந்து, நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்கிறது. கோவில் பாட்டு விடியற்காலையில் கேட்பதன் மர்மம் இதுதான்.

காற்றும் இப்படி வளைக்கும். நிலத்தில் மரமும் வீடும் தடுப்பதால் கீழே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு போகிற ஒலி கீழே வளையும். எதிர்த்துப் போகிற ஒலி மேலே எழும்பும். காற்று வளைப்பதை 1857-இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் சொன்னார். சூடு வளைப்பதை 1874-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் விளக்கினார்.

இனி மூடுபனிக் கதை. கடலில் பனி மூடிவிட்டால் கப்பல்கள் பாறையில் மோதும். கரையிலிருந்து ஊதுகொம்பு ஊதி எச்சரிக்க வேண்டும். எந்தக் கொம்பு தூரம் கேட்கும் என்று சோதிக்க 1873-இல் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானியை டோவர் கடற்கரைக்கு அனுப்பினார்கள். ஜூலை 3-ஆம் தேதி. வானம் நிர்மலம், கடல் கண்ணாடி மாதிரி. கரையில் சுடுகிற பீரங்கியின் புகை கப்பலில் இருந்து நன்றாகத் தெரிகிறது. இரண்டு மைலிலேயே சத்தம் கேட்கவில்லை! பிறகு பனி மூடிய நாட்களில் அதே சத்தம் அதைவிட வெகு தூரம் கேட்டது. ஆக, மூடுபனி ஒலியை அமுக்குகிறது என்ற டெர்ஹாமின் பேச்சு தவறாகப் போயிற்று. வெயிலில் காற்று திட்டுத் திட்டாகச் சூடேறி, ஒலியைச் சிதறடிக்கிறது என்றார் டிண்டால். ஒன்றுமே தெரியாத வெறும் ஆகாயத்திலிருந்து எதிரொலி திரும்பி வந்ததையும் அவர் கேட்டார். இந்த எதிரொலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்து இதுதான் கருவியாயிற்று.

உரக் கிடங்கு வெடித்தது

1901 பிப்ரவரி முதல் தேதி. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் உடலைக் கடல் வழியாகக் கொண்டு வரும்போது போர்க்கப்பல்கள் பீரங்கி முழங்கின. பக்கத்து ஊர்களில் கேட்டது. அதற்கடுத்து ஒரு பெரிய வட்டாரத்தில் கேட்கவே இல்லை. அதையும் தாண்டி, நூறு மைலுக்கு அப்பால் மறுபடி கேட்டது! ஆட்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். விஞ்ஞானிகள் தலையைச் சொறிந்தார்கள். கிட்டே கேட்டு, நடுவே ஊமையாகி, தூரத்தில் கேட்பது எப்படி?

அடுத்து வந்தது ஒரு துயரம். ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊரில் ஒரு பெரிய உரத் தொழிற்சாலை. அமோனியம் சல்பேட்டும் அமோனியம் நைட்ரேட்டும் கலந்த உரத்தை மலையாகக் குவித்திருந்தார்கள். அந்த உரம் ஈரம் பட்டு இறுகிக் கல்லாகிவிடும். உங்கள் வீட்டு மூட்டையில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதை உடைக்கச் சிறு வெடிமருந்து வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. பலமுறை வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 காலையில் உரமே வெடித்துவிட்டது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரில் பெரும் பகுதி வீடுகள் இடிந்தன.

அந்தச் சத்தமும் அப்படித்தான் நடந்துகொண்டது. அருகில் கேட்டது, நடு வட்டாரத்தில் அடங்கியது, ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் தூரத்து மியூனிக் நகரில் கேட்டது. இதற்குப் பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. 1924 மே மாதத்தில் பிரான்சில் லா கூர்த்தின் என்ற இடத்தில், ஒலியை ஆராய்வதற்கென்றே முன்கூட்டி அறிவித்துப் பெரிய வெடிகளை வெடித்தார்கள். இங்கிலாந்தில் விப்பிள் என்ற வானிலை அறிஞர் பீரங்கி சுடும் நேரத்தை பிபிசி வானொலி வழியாக அறிவிக்கச் செய்து, கேட்டவர்களிடம் தகவல் வாங்கினார். வானொலி நேயர்களே விஞ்ஞானத்துக்குக் காது கொடுத்தார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை அல்லவா?

விடை எங்கே இருந்தது? ஆகாயத்தின் உச்சியில். மேலே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்றுதான் பழைய ஆட்கள் நினைத்தார்கள். சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பிறகு குளிர் கூடுவது நின்றுவிடும் என்று பலூன் விட்டுக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் வெகு உயரே பலூன் போக முடியவில்லை. லிண்டமன், டாப்சன் என்ற இருவர் எரிநட்சத்திரங்களின் தடத்தைக் கணக்கிட்டு, உச்சியில் சூடான அடுக்கு இருக்க வேண்டும் என்று 1922-ஐ ஒட்டிச் சொன்னார்கள். சூரியனின் புற ஊதாக் கதிரை ஓசோன் உறிஞ்சிக்கொள்வதால் வருகிற சூடு அது. விப்பிள் 1923-இல் இரண்டையும் முடிச்சுப் போட்டார். மேலே போன ஒலி அந்தச் சூடான அடுக்கில் வளைந்து கீழே திரும்பி, தூரத்து ஊரில் இறங்குகிறது. நடுவில் உள்ள ஊர்களின் தலைக்கு மேலே அது தாண்டிப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஐம்பது கிலோமீட்டர் உயரத்தில், கீழே உள்ள அடுக்கின் கடுங்குளிரைத் தாண்டி, பனிக்கட்டி உருகுகிற அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது. யாரும் போய்ப் பார்க்காத இடத்தின் சூட்டை மனிதன் தரையில் நின்று காதால் அளந்தான். அது மட்டுமா? கோடையில் ஒரு திசையிலும் குளிர்காலத்தில் எதிர்த்திசையிலும் சத்தம் தூரம் போவதைப் பார்த்து, அந்த உயரத்தில் காற்று பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது என்றும் தெரிந்துகொண்டார்கள். மேல்வானத்துக்கும் ஒரு பருவக்காற்று உண்டு!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராக்கெட் வந்தது. ராக்கெட்டில் சிறு வெடிகுண்டுகளை வைத்து, முப்பது கிலோமீட்டரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வரை ஏறும்போதே ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்தார்கள். தரையில் ஒலிவாங்கிகள் வரிசையாக இருக்கும். எந்த வெடியின் சத்தம் எந்தத் திசையிலிருந்து எப்போது வந்தது என்று பார்த்து, இரண்டு வெடிக்கு நடுவே உள்ள காற்றின் சூட்டையும் வேகத்தையும் கழித்து எடுத்தார்கள். 1957-58 சர்வதேச புவி பௌதிக ஆண்டில் கனடாவின் சர்ச்சில் என்ற இடத்திலும், ஆஸ்திரேலியாவில் ஊமெராவிலும் இந்தச் சோதனைகள் நடந்தன.

வானத்தைக் கூவி அழைக்கும் கருவி

டிண்டால் கேட்ட எதிரொலி ஞாபகம் இருக்கிறதா? 1946-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மூவர் ஒலியை வானத்துக்கு அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்தார்கள். 1968-இல் ஆஸ்திரேலியாவின் மெக்கலிஸ்டர் அதை நல்ல கருவியாக்கிக் காட்டினார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் கார்டன் லிட்டில் இதனால் என்னென்ன அளக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதினார். இந்தக் கருவிக்கு 'சோடார்' என்று பெயர். ரேடாருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் ரேடியோ அலையை அனுப்புகிறது, சோடார் ஒலியை அனுப்புகிறது.

வானத்தைப் பார்த்து ஒரு ஒலிபெருக்கி. சில வினாடிக்கு ஒருமுறை 'கூ' என்று ஒரு கூவல். பிறகு அமைதியாகக் காது கொடுக்கும். சூடும் குளிர்ச்சியும் கலக்கிற இடத்திலிருந்து மெல்லிய எதிரொலி திரும்பும். எத்தனை வினாடியில் திரும்பியது என்பது உயரத்தைச் சொல்லும். எதிரொலியின் சுருதி கூடினால் காற்று நம்மை நோக்கி வருகிறது, குறைந்தால் விலகிப் போகிறது. ரயில் ஊதிக்கொண்டு கிட்டே வரும்போது ஒரு சுருதியும் கடந்து போகும்போது ஒரு சுருதியும் கேட்கிறதே, அதே கதைதான். சில நூறு மீட்டர் உயரம் வரை, சில சமயம் ஒரு கிலோமீட்டர் வரை, இரவு பகலாகக் காற்றைக் காவல் காக்கும். பலூன் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் பறக்கும். சோடார் தூங்குவதே இல்லை.

சோடார் சூட்டின் கலக்கத்தைக் காட்டும், சூடு இத்தனை டிகிரி என்று நேராகச் சொல்லாது. அதற்கும் ஒரு வழி வந்தது. ஒலியை மேலே அனுப்பி, அது ஏறுகிற வேகத்தை ரேடியோ அலையால் பின்தொடர்ந்து அளப்பது. 1972-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். வேகம் தெரிந்தால் சூடு தெரியும் என்பதுதான் நாம் முதலிலேயே பார்த்தோமே.

நம் நாட்டில் டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் 1970-களிலேயே சோடார் வேலையைத் தொடங்கிவிட்டது. 1990-இல் வடநாட்டுப் பருவமழைத் தாழ்வுப் பகுதியை ஆராய்ந்த பெரிய முயற்சியில், காரக்பூரில் சோடாரை நிறுத்தினார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் கடங்கியில் ஒலியையும் ரேடியோ அலையையும் சேர்த்து அளக்கிற முறையும் செயல்பட்டிருக்கிறது.

வயலுக்கே வந்த ஒலிக்கருவியும் உண்டு. ஒரு சாண் இடைவெளியில் எதிரும் புதிருமாக இரண்டு சிறு கருவிகள். ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். உடனே மாறி அது அனுப்பும், இது வாங்கும். வில்ஜுய்பும் மான்லெரியும் ஒரு சாணுக்குள் வந்துவிட்டன என்று சொல்லலாம். பீரங்கிக்குப் பதில் காதுக்குக் கேட்காத ஒலி. வினாடிக்குப் பல முறை கூட்டலும் கழித்தலும் நடக்கிறது. 1968-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், கோதுமை அறுத்த தாள்கட்டை நிலத்தில் 32 மீட்டர் கோபுரம் நட்டு, கைமல் முதலிய விஞ்ஞானிகள் இத்தகைய கருவிகளால் காற்றை அளந்தார்கள். நிலத்திலிருந்து சூடு எப்படி மேலே ஏறுகிறது என்ற கணக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. ஒரு பயிர் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடுகிறது என்று இன்று வயலில் நேராக அளக்கிறார்களே, அதற்கும் இந்த ஒரு சாண் கருவிதான் அடிப்படை.

நமக்கு என்னங்க லாபம்?

நியாயமான கேள்வி. சோடார் வாங்கி வயலில் வைக்கச் சொல்லவில்லை. அது கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டால் போதும்.

மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கிற இரவில், அந்தச் சூடான அடுக்கு ஒரு மூடி மாதிரி நிலத்தின் மேல் கவிழ்ந்திருக்கிறது. கீழே உள்ள குளிர்காற்று கனமானது. மேலே ஏறாது, கலக்காது. அதில் எது விழுந்தாலும் அப்படியே மிதக்கும். சோடாரின் காகிதத்தில் இந்த மூடி இரவெல்லாம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். சூரியன் ஏறி நிலம் காய்ந்த பிறகு பட்டை மெல்ல எழும்பி உடைந்துபோகும்.

இப்போது யோசியுங்கள். "விடியற்காலையில் காற்றே இல்லை, மருந்து அடிக்க நல்ல நேரம்" என்று நினைத்து விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறோம். பெரிய துளிகள் இலையில் விழுந்துவிடும். பொடித் துளிகள் விழாது. மூடியின் கீழே புகை மாதிரி மிதந்து, எந்தப் பக்கம் மெல்லிய அசைவு இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் களைக்கு 2,4-டி அடிக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்த மருந்து துளி அளவு பட்டாலும் பருத்தி தாங்காது. இலை சுருண்டு, விரல் மாதிரி நீண்டு போகும். பூச்சி மருந்தின் சாரல் பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு செத்துப்போகும். அடித்தவருக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது. நஷ்டப்பட்டவருக்கு யார் செய்தார்கள் என்று தெரியாது. வரப்புத் தகராறு வாய்க்கால் தகராறாகி, பங்காளிகள் கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். காற்றின் குணத்தைக் கவனிக்காமல் போனதற்கு இவ்வளவு விலை.

மூடி கவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கண்ணும் காதும் போதும்.

அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை உயரத்தில் படுத்துப் பரவுகிறதா? தூரத்து ஒலிபெருக்கியும் ரயில் சத்தமும் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்கிறதா? வானத்தில் மேகமில்லை, புல்லில் பனி இறங்கியிருக்கிறது, இலை அசையவில்லையா? அப்படியானால் மூடி இருக்கிறது. தெளிப்பானைக் கீழே வையுங்கள். சூரியன் ஏறி ஒன்றிரண்டு மணி நேரமாகட்டும். புகை மேலே எழும்பிக் கலையட்டும். இலை மெல்ல அசைகிற அளவுக்கு ஒரே திசையில் காற்று வரட்டும். அந்தக் காற்று பக்கத்துப் பருத்திக்கோ மல்பெரிக்கோ மீன் குட்டைக்கோ போகவில்லை என்று பார்த்து அடியுங்கள். காற்று பலமானாலும், வெயில் கொளுத்தினாலும் நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் சூரியன் இறங்கும்போது மறுபடி மூடி விழ ஆரம்பிக்கும். அதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே மாதிரி இரவுகளில்தான் குளிர்காற்று சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் செடி பிழைத்திருக்கும், பள்ளத்தில் உறைபனியில் கருகியிருக்கும். இளஞ்செடிக்கு மூடாக்குப் போடுவதானால் பள்ளத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்தச் சாஸ்திரம் இன்னும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ஓர் ஒலிவாங்கி இருக்கிறது. லேசர் ஒளி பாறையில் பட்டுத் தெறிக்கிற சத்தத்தை அது கேட்டது. ஒளி பட்ட நேரம், சத்தம் வந்த நேரம் இரண்டையும் வைத்து, அங்கே ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் போகிறது என்றும், கீச்சென்ற ஒலி சுமார் 250 மீட்டர் போகிறது என்றும் கண்டார்கள். அதிலிருந்து செவ்வாயின் தரையை ஒட்டிய காற்றின் சூட்டையும் கணக்கிட்டார்கள். டெர்ஹாம் கோபுரத்தில் செய்ததும், கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கத்தில் செய்ததும் இதே வேலைதான்: ஒளியைப் பார், சத்தத்தைக் கேள், நடுவில் உள்ள வினாடிகளை எண்ணு.

அதை நீங்களும் செய்யலாம். வரும் மழைக்காலத்தில் மின்னல் வெட்டியதும் பிள்ளைகளை வீட்டுக்குள் உட்கார வைத்து வினாடியை எண்ணச் சொல்லுங்கள். மூன்றால் வகுத்தால் இடி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரியும். எண்ணிக்கை முப்பதுக்குள் வந்தால் வயலில் இருக்கிறவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு உடனே வீடு திரும்ப வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.